கண்மூடிய ஐந்து நிமிடம்

எட்டாம் வகுப்பின் கணக்கு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் அலாரம். மணி அடிப்பதற்கு முன்பே வகுப்பு வாசலில் வந்து நிற்பார் என்பதால் வந்த பெயர். பத்தொன்பது வருட வேலையில் ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. அதற்குக் காரணம் கடமையுணர்ச்சி என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். பயம்தான். கலப்படமில்லாத, சுத்தமான பயம். வீட்டைப் பூட்டிய பிறகு, அடுப்பை அணைத்தோமா என்று இரண்டு முறை திரும்பிப் போய்ப் பார்ப்பார். "மூணாவது தடவையும் போனா அடுப்பே உன்னைப் பார்த்துப் பயந்துரும்" என்பார் கணவர். சிரித்துக்கொண்டே மூன்றாவது முறையும் போவார்.

பள்ளிக்கூடத்தில் பயப்பட விஷயத்துக்கா பஞ்சம்? திருத்தாத விடைத்தாள், முடியாத பாடம், பெற்றோர் கூட்டம், மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய படிவம். போன வருடம் இரண்டு ஆசிரியைகள் வேலைப்பளு தாங்காமல் நீண்ட விடுப்பில் போனார்கள். அதன்பிறகுதான் நிர்வாகம் விழித்துக்கொண்டு ஒரு பயிற்சியாளரை வரவழைத்தது. சட்டையில் ஒரு கசங்கல்கூட இல்லாத அந்த மனிதர், முதல் வகுப்பின் முதல் ஐந்து நிமிடம் டீச்சரும் பிள்ளைகளும் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லி, தேநீர் குடித்துவிட்டுப் போனார். நல்ல யோசனைதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தை எங்கிருந்து எடுப்பது என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அலாரம் டீச்சரால் கண்ணை மூட முடியவில்லை. மூடினால் போதும், பாக்கி வேலையெல்லாம் வரிசைகட்டி வந்து நிற்கும். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். இரண்டாம் வாரமே அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பிள்ளைகள் எல்லாரும் மேசையில் தலையைக் கவிழ்த்திருக்கும் நேரத்தில் வருகைப் பதிவேட்டைத் திறப்பார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அமைதி கெட்டுவிடும் அல்லவா? அதனால் மேலிருந்து கீழே கடகடவென்று நாற்பத்துமூன்று பேருக்கும் வந்ததாகக் குறித்துவிடுவார். யாராவது வரவில்லை என்றால் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள், அப்போது திருத்திக்கொள்வார். மூன்று மாதம் இது சிக்கலில்லாமல் ஓடியது.

அந்தப் புதன்கிழமை, இரண்டாவது வகுப்பு முடியும் நேரத்தில், தலைமையாசிரியை கூப்பிடுவதாக ஆள் வந்தது. போனால், அறையில் ஒரு தையல்காரம்மா நின்றிருந்தார். கழுத்திலிருந்த அளவு நாடாவைக்கூட எடுக்காமல் வந்திருந்தார். கையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு. அவர் மகள் இந்த வருடம்தான் இங்கே வந்து சேர்ந்த பெண். கடைசி வரிசை, ஜன்னலோரம்.

"கண்ணாடிய மறந்து வச்சிட்டு வந்துட்டா டீச்சர். அது இல்லன்னா எதிர்ல வர்ற பஸ்ஸுகூட அவளுக்குத் தெரியாது. குடுத்துட்டுப் போலாம்னு வந்தா, கிளாஸ்ல இல்லன்னு சொல்றாங்க."

தலைமையாசிரியை பதிவேட்டைத் திறந்து பார்த்தார். "காலையில வந்திருக்கா. இங்கதான் எங்கயாவது இருப்பா."

காவலாளியும் ஆயாவும் கழிப்பறை, மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி என்று தேட ஓடினார்கள். தண்ணீர்த் தொட்டி என்றதும் அந்த அம்மாவின் முகம் வெளுத்துப் போனது.

காலையில் அந்த ஜன்னலோரத்தில் யார் இருந்தார்கள் என்று டீச்சர் நினைத்துப் பார்த்தார். நினைவில்லை. நேற்று? அதுவும் நினைவில்லை. வகுப்புக்கு ஓடி, பக்கத்தில் உட்காரும் பெண்ணைக் கேட்டார்.

"அவ திங்கட்கிழமையில இருந்தே வரல மிஸ்."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"அவகூட நாங்க யாரும் பேசுறதில்ல மிஸ்." அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "நேத்து பஸ்ல வரும்போது பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல உக்காந்திருந்தா."

திரும்பி வந்த அந்த நீள வராந்தாவில் டீச்சரின் மனம் என்னென்னவோ கணக்குப் போட்டது. உண்மையைச் சொன்னால் வேலைக்கே உலை வைத்ததுபோல் ஆகும். பேருந்து நிலையத்தில் யாரோ பார்த்தார்களாம் என்று மட்டும் சொன்னால் போதும். பள்ளிக்கு வந்தவள் நழுவிப் போய்விட்டாள் என்று பழி அந்தப் பெண்ணோடு முடிந்துவிடும். வெட்கக்கேடுதான். ஆனாலும் அப்படித்தான் நினைத்தார்.

அறைக்குள் அந்த அம்மா கண்ணாடிக் கூட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அவ வரவே இல்லம்மா" என்றார் டீச்சர். "மூணு நாளா வரல. நான்தான் பார்க்காம வந்ததா போட்டுட்டேன்."

"என்ன சொல்றோம்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?" என்றார் தலைமையாசிரியை.

"தெரியும் மேடம். என்ன எழுதிக் குடுக்கச் சொன்னாலும் குடுக்கிறேன். இப்ப பஸ் ஸ்டாண்டுக்குப் போகணும்."

பேருந்து நிலையம் வரை அரை ஓட்டமாகத் தையல்காரம்மா முன்னால் போக, டீச்சர் மூச்சிரைக்கப் பின்னால் போனார். வழியில் எந்த வண்டி ஹாரன் அடித்தாலும் இரண்டு பேருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. முதல் நடைமேடையில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. கழிப்பறைக்குப் பக்கத்துப் பெஞ்சில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவர்கள் வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆனால் யார் வருகிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அம்மா அவள் முதுகில் ஒரு அடி வைத்தார், பிறகு கட்டிக்கொண்டு அழுதார், பிறகு தன் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டார். அப்போதுதான் டீச்சரைப் பார்த்த அந்தப் பெண் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றாள்.

"மொத நாளே வீட்டுக்கு போன் பண்ணுவீங்கன்னு நினைச்சேன் மிஸ். பண்ணல. நேத்தும் பண்ணல." கொஞ்சம் தயங்கினாள். "நீங்க என்னைத் தேடினீங்களா மிஸ்?"

ஆமாம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்த அம்மாவே, சொல்லிவிடுங்கள் என்பதுபோல் டீச்சரைப் பார்த்தார்.

"இல்லம்மா. நீ வரலைங்கிறதே எனக்குத் தெரியாது. உங்கம்மா வந்து கேட்டப்புறம்தான் தெரியும்."

அந்தப் பெண் கோபப்படவில்லை, அழவும் இல்லை.

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு மிஸ்" என்றாள்.