உழவர் சந்தை மைதானத்தில் அம்மா

எங்கள் அம்மாவுக்கு நாற்பது வயதைத் தாண்டிய பிறகு ஒரு சிநேகிதி கிடைத்தாள். அதற்கு முன் அவளுக்குச் சிநேகிதிகள் இருந்தார்களா என்று எனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் இருந்திருக்கலாம். நான் பார்த்த அம்மாவைச் சுற்றி நாத்தனார்கள், ஓரகத்திகள், எதிர்வீட்டு மாமி என்று ஆட்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவர்களில் யாருடைய போன் வந்தும் அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்து எடுத்ததை நான் பார்த்ததில்லை.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு, அக்கா பிளஸ் டூ. அப்பாவுக்கு வங்கி வேலை. தர்மபுரிப் பக்கம் மாற்றலாகி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை மாலை பஸ் ஏறிவிடுவார். நாங்கள் ஸ்ரீரங்கத்தில் ஒரு வாடகை ஃபிளாட்டில் இருந்தோம். அந்தக் கட்டடத்தில் எல்லோரும் நல்லவர்கள். படியில் பார்த்தால் சாப்பாடு ஆச்சா என்று கேட்பார்கள். ஆச்சு என்றதும் கதவைச் சாத்திக்கொள்வார்கள். நாங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு அம்மா டிவியைப் போட்டுவிட்டு வேலை செய்வாளாம். பார்ப்பதற்காக இல்லை, வீட்டில் ஏதாவது ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருக்கட்டும் என்று. இதை அவள் எங்களிடம் சொன்னதில்லை. அந்தச் சிநேகிதியிடம் சொன்னபோது பக்கத்து நாற்காலியில் இருந்த நான் கேட்டேன்.

அக்கா அந்த வருஷம் யாருடனும் பேசுவதை நிறுத்தியிருந்தாள். கோபம் ஒன்றும் கிடையாது. தன் அறைக்குள் போவாள், தட்டை வைக்க வெளியே வருவாள். அம்மா ஏதாவது கேட்டால் 'ம்' என்பாள். அந்த 'ம்'முக்கு ஆமாம் என்றும் அர்த்தம், இல்லை என்றும் அர்த்தம், கேட்காதே என்றும் அர்த்தம். அம்மா அதைக் கவனமாகப் பிரித்துப் புரிந்துகொள்ளப் பார்ப்பாள். பெரும்பாலும் தப்பாகிவிடும்.

கணக்குக்கும் பிசிக்ஸுக்கும் அக்கா தென்னூரில் டியூஷன் போனாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். வகுப்பு முடியும்போது இருட்டத் தொடங்கிவிடும் என்பதால் அம்மா கூடப் போவாள். என்னைத் தனியாக விட முடியாது என்பதால் நானும் போவேன். இறக்கிவிட்டு வீட்டுக்குத் திரும்பினால், வந்து சேர்ந்த கையோடு மறுபடி கிளம்ப வேண்டியிருக்கும். எனவே டியூஷன் நடந்த மாடி வீட்டின் கீழே, வண்டிகள் நிறுத்துமிடத்தில், நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்த மூலையில் உட்கார்ந்து காத்திருப்போம். வேறு சில அம்மாக்களும் காத்திருப்பார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்துவிட்டுப் போனைக் குனிந்து பார்த்துக்கொள்வார்கள்.

ஒரு மழை நாளில் அந்த ஆன்ட்டி வந்தார். மகனை ஸ்கூட்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி உதறினார். தண்ணீர் முழுவதும் அம்மாவின் புடவையில் தெறித்தது. மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். சிரிப்பு அடங்காமலேயே தன் முந்தானையால் அம்மாவின் தோளைத் துடைத்தார். துடைத்த முந்தானை அதைவிட ஈரம். அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆன்ட்டிக்கு உறையூர். கணவருக்கு ரயில்வேயில் வேலை. கழுத்துச் சங்கிலியில் சின்னதாக ஒரு சிலுவை தொங்கும். ஒரே மகன்; அவனும் அக்காவைப் போலத்தான் வாயைத் திறப்பதில்லை என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. அதன்பிறகு இருவருக்கும் பேச்சுக்குப் பஞ்சமில்லை.

ஒருநாள் ஆன்ட்டி வந்ததும் வராததுமாக, "இன்னைக்குங்க, என் பையன் என்கிட்ட பேசிட்டான்" என்றார்.

"அப்படியா? என்ன பேசினாரு?"

"டவல் எங்கன்னு கேட்டான்."

அம்மா வாயைத் திறந்து சிரித்தாள். அவளுடைய கடைவாய்ப் பல் ஒன்று இல்லாதது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். முதலில் பிள்ளைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். போகப் போகத் தங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். ராத்திரியில் திடீரென்று உடம்பு முழுக்க வேர்த்துவிடுவது, ஒன்றுமில்லாததற்கெல்லாம் அழுகை வருவது என்று ஏதோ சொல்லிக்கொண்டு குரலைத் தாழ்த்துவார்கள். தாழ்த்தியதும், படிக்கடியில் இருக்கும் பூனை என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டு வரும்படி என்னை அனுப்புவார்கள். பூனை எப்போதும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். திரும்பி வந்தால் இருவரும் பேசாமல் எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனாலும் அம்மாவின் முகம் லேசாகியிருக்கும்.

கிறிஸ்துமஸுக்கு ஆன்ட்டி ஒரு டப்பா நிறையக் கல்கல் பலகாரம் கொண்டுவந்தார். அந்த டப்பாவை அம்மா காலியாகத் திருப்பித் தரவில்லை. ரவா லட்டு பிடித்துப் போட்டுத் தந்தாள். எங்களுக்கு லட்டு பிடித்துக் கொடுத்து எத்தனையோ காலமாகியிருந்தது.

பொங்கல் கழிந்து ஒருநாள் ஆன்ட்டி, அம்மாவை ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொன்னார். இந்த வயசுலயா என்று அம்மா கூச்சப்பட்டாள்.

"நானே போன வருஷம்தாங்க கத்துக்கிட்டேன். வாங்க, நான் பிடிச்சுக்கறேன். விழுந்தா சேர்ந்து விழுவோம்."

பக்கத்தில் உழவர் சந்தை மைதானம் இருந்தது. கூட்டம் ஏதும் நடக்காத நாட்களில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். ஒரு ஓரமாக அம்மா புடவைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தாள். ஆன்ட்டி பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடினார். அம்மாவின் இரண்டு கால்களும் தரையைத் தேய்த்துக்கொண்டே போயின. இரண்டாவது வாரத்தில் ஒரு காலை மேலே எடுத்துவைத்தாள். அப்பாவிடம் இப்போது சொல்ல வேண்டாம், நன்றாக வந்த பிறகு நானே சொல்கிறேன் என்று என்னிடம் சொல்லியிருந்தாள். சொல்லக் கூடாது என்றால் அது தப்பான காரியமாகத்தான் இருக்கும் என்பது அந்த வயதில் என் எண்ணம். எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

டியூஷன் முடிந்ததும் அக்காவும் ஆன்ட்டியின் மகனான அந்த அண்ணனும் மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். 'இன்னும் ஒரே ரவுண்டு' என்று ஆன்ட்டி கத்துவார். நாங்கள் மூவரும் மதில் ஓரமாக நிற்போம். விழுந்துவிடாமல் இருக்கட்டும் என்று அம்மா தன் போனை அக்காவிடம் கொடுத்திருப்பாள். ஆன்ட்டியின் போன் அந்த அண்ணனிடம் இருக்கும். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். தத்தம் கையிலிருந்த போனைப் பார்த்துத் தனித்தனியாகச் சிரித்துக்கொள்வார்கள். பெரியவர்களின் போனில் அப்படி என்ன வேடிக்கை இருக்கிறது என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். இரண்டு அம்மாக்களின் எண்களுக்குள்ளே அவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட செய்திகள் போய் வந்துகொண்டிருந்தன என்பதை, எத்தனையோ வருடம் கழித்து அக்காவே சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு சனிக்கிழமை அப்பா வழக்கத்தைவிட முன்னதாகவே ஊருக்கு வந்தார். எங்களை ஆச்சரியப்படுத்தலாம் என்று நினைத்துச் சத்திரத்திலிருந்து நேரே தென்னூருக்கு வந்துவிட்டார். டியூஷன் வீட்டில் கேட்டு, மைதானத்துக்கு நடந்து வந்திருக்கிறார். தோளில் பயணப் பையும் கையில் ஒரு ஸ்வீட் பாக்கெட்டுமாக அவர் நின்றதை முதலில் பார்த்தது நான்தான். ஒரு பக்கம், முழங்கால் தெரியப் புடவையைத் தூக்கிச் செருகிய அம்மா, ஸ்கூட்டியில் வளைந்து வளைந்து வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் முன்பின் தெரியாத ஒரு பெண்மணி சிரித்துக்கொண்டே ஓடி வந்தார். இன்னொரு பக்கம், மதில் ஓரத்தில், அக்காவும் அந்த அண்ணனும் ஒரே இயர்போனின் இரண்டு முனைகளை ஆளுக்கொரு காதில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

அப்பா திரும்பி ரோட்டுக்குப் போனார். ஆட்டோவை நிறுத்தினார். எல்லோரும் ஏறினோம். ஆன்ட்டி ஏதோ சொல்ல வந்ததும், அம்மா கையால் வேண்டாம் என்று காட்டியதும் எனக்கு நினைவிருக்கிறது. ஆட்டோ காவிரிப் பாலம் கடந்து வீட்டுக்கு வந்தது. ஸ்வீட் பாக்கெட் என் மடியில் இருந்தது.

அப்பா கத்துகிறவர் அல்ல. பேங்கில் பேசுகிற குரலிலேயேதான் வீட்டிலும் பேசுவார்.

"எதுக்கு உன்னைக் கூட அனுப்பினேன்? பொண்ணைப் பார்த்துக்கத்தானே?" என்றார். தோளிலிருந்த பையை இறக்கி வைத்துவிட்டு, "நாம வேற, அவங்க வேற. நான் ஊர்ல இல்லாதப்ப ஏதாவது ஒண்ணு ஆயிருந்தா யாரைப் போய் கேப்பேன்?" என்றார்.

அவருடைய முகத்தில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது.  அம்மா, செருகிய கொசுவத்தை இன்னும் இறக்கிவிடாமல் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை முதல் அக்காவுக்குத் திருவானைக்காவலில் டியூஷன். தெரிந்தவர் வீடு, சைக்கிளில் போய்விடலாம், யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. அக்கா இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தாள். மூன்றாம் வேளை தோசை வார்த்தபோது வந்து உட்கார்ந்துவிட்டாள். இப்போது புனேயில் இருக்கிறாள், கையில் குழந்தை. போன தீபாவளிக்கு வந்திருந்தபோது நான் இந்தப் பேச்சை எடுத்தேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் முகம்கூடச் சரியாக ஞாபகமில்லை என்றாள். பரீட்சை முடிவதற்குள்ளேயே மறந்துவிட்டதாகவும் சொன்னாள். அம்மா அப்போது எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

டியூஷன் மாறிய பிறகு அம்மாவுக்கு மாலை நேரம் மிச்சமானது. அதை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. மொட்டைமாடிக்குப் போய்க் காயாத துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள். பழக்க தோஷத்தில் புறப்படும் நேரத்துக்குத் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொள்வாள். பிறகு அப்படியே சோபாவில் உட்கார்ந்திருப்பாள். சில நாள் போன் அடிக்கும். எடுத்துப் பெயரைப் பார்த்துவிட்டு, அடித்து ஓயும்வரை கையிலேயே வைத்திருப்பாள்.

ஒருநாள் எடுத்தாள். "சரிங்க" என்று மட்டும் இரண்டு முறை சொன்னாள்.

மறுநாள் மாலை என்னைக் கூட்டிக்கொண்டு திருவானைக்காவலில் ஒரு பேக்கரிக்குப் போனாள். ஆன்ட்டி எங்களுக்கு முன்பே வந்து, மேஜைமேல் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இளைத்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. எனக்கு ஒரு பஃப்ஸ் வாங்கிக் கொடுத்தார். இருவரும் நல்லா இருக்கீங்களா என்று கேட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு என்ன பேசுவதென்று தெரியாமல், கல்யாண வீட்டில் புதிதாகப் பார்த்துக்கொண்டவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"அவங்க விஷயம் அவங்களோட போகட்டுங்க. நமக்கென்ன வந்துச்சு?" என்று ஆன்ட்டிதான் ஆரம்பித்தார்.

அம்மா தலையை ஆட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது. அப்படியே விட்டிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் ஆன்ட்டி மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டார். எங்கள் அப்பா ஆன்ட்டி வீட்டுக்குப் போன் செய்து, பையனைக் கண்டித்து வைக்கும்படி சொல்லியிருக்கிறார். பையனின் அப்பா பெல்ட்டைக் கழற்றிவிட்டாராம். குறுக்கே போன ஆன்ட்டிக்கும் ஒரு அடி விழுந்ததாம். முழங்கைக்கு மேலே ஜாக்கெட் கையைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார். அப்பா போன் செய்தது அம்மாவுக்குத் தெரியாது. அவள் முகம் வெளுத்துப்போனது. உதடு அசைந்தது. அந்தத் தழும்பைத் தொடப்போகிறவள் மாதிரி கையை நீட்டினாள். பிறகு கையை இழுத்துக்கொண்டாள்.

"எங்க பொண்ணு அப்படிப்பட்டவ இல்லைங்க" என்றாள்.

ஏன் அதைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. நாத்தனார்கள் போனில் கேட்டபோதெல்லாம் அந்த ஒரு பதிலைச் சொல்லிச் சொல்லி நாக்கில் அது தயாராக இருந்திருக்க வேண்டும்.

ஆன்ட்டி ஜாக்கெட் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அப்ப எங்க பையன் அப்படிப்பட்டவனாங்க?"

 ஆன்ட்டி கொஞ்ச நேரம் காத்திருந்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவர் கண்கள் கேட்டன. ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் அக்காவை விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும் என்று அம்மா நினைத்தாளோ என்னவோ, மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆன்ட்டி எழுந்து என் கன்னத்தைத் தட்டினார். நல்லாப் படிம்மா என்றார். அம்மாவிடம், "வரேங்க" என்றார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டதும் அம்மா சட்டென்று எழுந்து வாசலுக்குப் போனாள். அதற்குள் ஸ்கூட்டி பஸ்களுக்கு நடுவில் பாலத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

நாங்கள் ஸ்ரீரங்கத்துக்கு நடந்தே திரும்பினோம். பஸ் ஸ்டாப்பைத் தாண்டிப் போகிறோம் என்று நான் சொன்னது அம்மாவின் காதில் விழவில்லை. தெரு விளக்குகள் அப்போதுதான் எரிய ஆரம்பித்தன. எதிரே வருகிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அம்மா அழுதுகொண்டே நடந்தாள். துடைத்துக்கொள்ளவும் இல்லை. பெரியவர்கள் அப்படித் தெருவில் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு அவள் கையை விடவும் பயம், ஏதாவது கேட்கவும் பயம்.

கடைசியில் தைரியம் வந்து, "அழாதம்மா, அக்கா கொஞ்ச நாள்ல அந்த அண்ணனை மறந்துடுவா" என்றேன்.

அம்மா நின்றாள். என்னைக் குனிந்து பார்த்தாள். என் வாயோரத்தில் ஒட்டியிருந்த பஃப்ஸ் துணுக்கை விரலால் தட்டிவிட்டாள்.

"ஆமா. அவ மறந்துடுவா" என்றாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மாவையே சமாதானம் செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, அவள் கையை ஆட்டி ஆட்டி வீடுவரை நடந்தேன். அக்காவுக்கு ஒரு சிநேகிதம் முறிந்துபோய்விட்டது, அதற்காகத்தான் அம்மா அழுகிறாள் என்பது மட்டும்தான் அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தது.