முரட்டுக் கைப் பின்னல்

ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்பவர்கள் உண்டு. பிழைப்புக்காகக் கற்றுக்கொள்பவர்களும் உண்டு. நான் குரோஷா என்கிற கொக்கி ஊசிப் பின்னல் போடக் கற்றுக்கொண்டது ஆத்திரத்தில். அந்த ஆத்திரத்தை மூட்டிவிட்டவர் என் நாத்தனார்.

திருமானூரில் எங்களுக்கு ஒரு மாவு மில் இருக்கிறது. வீட்டுக்காரர் வயலையும் கரும்பையும் பார்த்துக்கொள்வார், மில் என் பொறுப்பு. அரிசி, கேழ்வரகு, மிளகாய், சீயக்காய் என்று எது வந்தாலும் அரைத்துக் கொடுப்பேன். மில்லில் நிற்கிறவளுக்கு ஒரு பழக்கம் தானாக வந்துவிடும். மெஷின் வாயிலிருந்து விழுகிற மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பாள். இடியாப்பத்துக்கு நைஸாக விழவேண்டும், புட்டுக்குக் கொஞ்சம் கொரகொரப்பாக விழவேண்டும். கண்ணால் பார்த்தால் இரண்டும் வெள்ளைதான். விரலைக் கேட்டால் தெரியும்.

நாத்தனார் என் வீட்டுக்காரருக்கு அக்கா, அரியலூரில் இருக்கிறார். அவர் வீட்டில் வலை போர்த்தாத பொருளே கிடையாது. டிவிக்கு ஒன்று, பிரிட்ஜ் கைப்பிடிக்கு ஒன்று, தண்ணீர்ச் சொம்புக்கு ஒன்று. எல்லாம் மெல்லிய நூலில் அவரே போட்டவை. அழகுதான், அதில் பொய் சொல்லக் கூடாது. ஒரு பொங்கலுக்குப் போயிருந்தபோது எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று ஆசையாகக் கேட்டேன். ஊசியையும் நூலையும் கையில் கொடுத்தார். கொஞ்ச நேரம் என் விரல்களையே பார்த்தார். பிறகு குழந்தை கையிலிருந்து கத்தியைப் பிடுங்குவதுபோல் பிடுங்கிக்கொண்டார். கூடம் நிறைய உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“உனக்கு முரட்டுக் கைம்மா. மில்லுக்குத்தான் லாயக்கு. இதெல்லாம் உனக்கு வராது.”

எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார், அதுதான் எனக்கு அதிகமாக எரிந்தது. நானும் பல்லைக் காட்டிவைத்தேன். பஸ் ஏறியதிலிருந்து ஊர் வந்து இறங்கும்வரை அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த சில மாதங்களில் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. என் வீட்டுக்காரர்தான் பெண்ணுக்குத் தாய்மாமன். தாய்மாமன் சீர் நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும். மேளத்தோடு, ஊர் பார்க்க, தட்டுத் தட்டாக. வழக்கமாக அந்தத் தட்டுகளைக் கண்ணாடி பேப்பர் சுற்றி ரிப்பன் கட்டி எடுத்துப்போவார்கள். நான் முடிவெடுத்துவிட்டேன். ஒவ்வொரு தட்டுக்கும் நானே போட்ட குரோஷாத் துணி மூட வேண்டும். எந்தக் கூட்டம் சிரித்ததோ அந்தக் கூட்டத்துக்கு நடுவில் அதை நான் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். முடியாவிட்டால் என் கை முரட்டுக் கை என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. சிறுவாச்சூர் அம்மனுக்கு வேண்டிக்கொள்ளப் போன வெள்ளிக்கிழமை அப்படியே பெரம்பலூர் போய், தடித்த பருத்தி நூலும் தடித்த ஊசியும் வாங்கிவந்தேன். அரியலூரில் வாங்கினால் நான் பஸ் ஏறுவதற்குள் சேதி நாத்தனாருக்குப் போய்விடும்.

கற்றுக்கொடுத்தது போன்தான். எத்தனையோ வீடியோ பார்த்ததில் ஒன்று பிடித்தது. அதில் ஒரு பெண்ணின் இரண்டு கைகள் மட்டும் தெரியும். பேசுகிற பாஷை எனக்குப் புரியாது. சத்தத்தை அமர்த்திவிட்டுக் கையை மட்டும் பார்த்தேன். குரோஷாவில் ஊசியால் இழுக்கிற ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி. சிங்கிள் என்பது குட்டையான கண்ணி, டபுள் என்பது ஊசியில் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றி இழுக்கிற நெட்டைக் கண்ணி. அந்தப் பெண் ஒரு குட்டை, ஒரு நெட்டை, ஒரு குட்டை, ஒரு நெட்டை என்று வரிசையை முடித்தாள். திரும்பி வரும்போது குட்டையின் தலையில் நெட்டையைப் போட்டாள், நெட்டையின் தலையில் குட்டையைப் போட்டாள். அவ்வளவுதான். குட்டைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட நெட்டை நிமிர இடமில்லாமல் வெளியே புடைத்துக்கொண்டு வந்தது. துணி முழுக்கச் சின்னச் சின்ன மணி. நானே ஒரு சாண் போட்டுக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. அது அரிசி நொய். உடைத்த நொய்யை உள்ளங்கையில் பரப்பினால் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. அதற்கு வீடியோவில் என்ன பெயரோ தெரியாது, நான் நொய்ப் பின்னல் என்று பெயர் வைத்தேன்.

சிலிர்ப்பு நீடிக்கவில்லை. சதுரமாகத் தொடங்கிய துணி மேலே போகப் போக ஒடுங்கிக்கொண்டே போனது. கடைசியில் முக்கோணமாகி நின்றது. வீட்டுக்காரர் அதைத் தூக்கிப் பிடித்து, இது யாருக்குக் கோவணம் என்று கேட்டார். அன்று அவருக்கு ரசத்தில் உப்புப் போடவில்லை.

குற்றவாளி யாரென்று கண்டுபிடிக்க ரொம்ப நாள் ஆனது. கரண்ட் போய் மில் நிற்கிற நேரமெல்லாம் பிரிப்பேன், போடுவேன், பிரிப்பேன். வரிசையின் கடைசிக் கண்ணிதான் திருடன். துணியைத் திருப்பினதும் ஓரத்தில் சாய்ந்து ஒளிந்துகொள்வான், நான் அவனை விட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். தாலிக்கொடியில் தொங்கிய ஊக்கை எடுத்து, வரிசை தொடங்கும்போதே முதல் கண்ணியில் குத்தினேன். திரும்பி வந்து அந்த ஊக்கில் இருக்கிற கண்ணியில் ஊசி விடாமல் வரிசையை முடிப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். அதிலிருந்து ஓரம் நூல் பிடித்ததுபோல் நேராக வந்தது.

ஆனால் அந்தத் திருடன் எனக்கு ஒரு நல்லதும் செய்திருந்தான். பிரிக்காமல் போட்டுவைத்திருந்த ஒரு துண்டை ஒருநாள் விரலால் தடவினேன். பாதி நொய்யாக இருந்தது, பாதி கோடு கோடாக ஓடியது. கடைசிக் கண்ணியை விட்ட இடத்தில் கணக்குத் தப்பி, குட்டை மேல் குட்டையும் நெட்டை மேல் நெட்டையுமாக ஏறியிருக்கிறது. அதனால் மேடும் பள்ளமுமாகக் கோடுகள் நிமிர்ந்து நின்றன. தப்பாகப் போட்டதே ஒரு தினுசு. அப்படியென்றால் வேண்டுமென்றே மாற்றிப் போட்டால் என்ன?

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு குட்டை, இரண்டு நெட்டை என்று போட்டேன், நொய் பருத்துச் சோளமாகிவிட்டது. கண்ணியின் தலையில் இருக்கிற இரண்டு இழையையும் சேர்த்து எடுக்காமல் பின்னிழையை மட்டும் எடுத்தேன், ஏர் ஓட்டிய சால் மாதிரி குறுக்கே வரி விழுந்தது. ஒரு வரிசை முழுக்கக் குட்டை, அடுத்த வரிசை நொய் என்று கலந்தேன், அது எதைப் போலவும் இல்லை, ஆனால் நன்றாக இருந்தது. அம்மியும் ஆட்டுக்கல்லும் இல்லாமல் ஒரே அரிசியில் புட்டு, இடியாப்பம், கொழுக்கட்டை எல்லாம் செய்துவிட்ட திமிர் எனக்கு. குட்டை, நெட்டை தவிர மூன்றாவது கண்ணி ஒன்று எனக்குத் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நடுவில் ஒரு விபத்து. மிளகாய் அரைத்த கையோடு ஒரு துணியைப் போட்டுக்கொண்டிருந்தேன். வயலிலிருந்து வந்த வீட்டுக்காரர் துண்டு என்று நினைத்து அதில் முகத்தைத் துடைத்துவிட்டார். அவர் தொட்டிக்கு ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, பொங்கலன்று சிரித்த சிரிப்புக்கு வட்டி வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். கண் எரிச்சல் அடங்கிய பிறகு அவர் துணியை மறுபடியும் எடுத்துப் பார்த்தார். நீயா போட்டே என்றார். பிறகு, மிளகாய் நாளில் நூலை வைக்க மூடி போட்ட டப்பா ஒன்று வாங்கிவந்தார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் அரியலூரில் மண்டபத்துத் தெருமுனையில் சீர் இறங்கியது. மஞ்சள் குங்குமத் தட்டுக்கு நைஸான நொய், பழத்தட்டுக்குச் சோளம், புடவைத் தட்டுக்குச் சால், வளையல் தட்டுக்குக் கோடு. மேளம் முன்னால் போக, என் வீட்டுக்காரர் மாலையோடு நடக்க, எங்கள் ஊர்ப் பெண்கள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நான் புடவைத் தட்டோடு நடுவில் நடந்தேன்.

உறவுக்காரர்கள் ஒவ்வொரு துணியாகத் தடவிப் பார்த்து எந்தக் கடை என்று கேட்டார்கள். வூட்டுல போட்டதுதான் என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார், ஏதோ அவரே போட்டதுபோல. ஆரத்தி எடுத்து முடித்த நாத்தனார் மஞ்சள் குங்குமத் தட்டின் துணியை எடுத்தார். முன்பக்கம் பார்த்தார். பிறகு குப்புறத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். குரோஷா தெரிந்தவர் யாரும் அதைத்தான் செய்வார்கள், தப்பு இருந்தால் பின்பக்கத்தில் பல் இளிக்கும். ஆனால் நொய்ப் பின்னலுக்குப் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது, இரண்டு பக்கமும் ஒரே மணி. மறுபடியும் திருப்பினார். என்னைப் பார்த்தார். துணியோடு உள்ளே போய்விட்டார்.

எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் மணப்பெண் அறைக்குள் என்னைக் கூப்பிட்டார்கள். நாத்தனார் கதவைச் சாத்திவிட்டு, ஊசியும் நூலும் வைத்திருக்கிறாயா என்று கேட்டார். கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து, எப்படி என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அவருக்குச் சொல்லி முடிக்கவே வேண்டியதில்லை, விரல் பறந்தது. ஆனால் துணி தட்டையாக வந்தது. பிரித்துப் போட்டார், மறுபடியும் தட்டை. வலை பின்னிப் பின்னிப் பழகிய கை, ஒவ்வொரு கண்ணியையும் இறுக்கி இழுத்தது. நெட்டை புடைக்க வழியே இல்லை.

“எனக்கு ஏன் எழும்ப மாட்டேங்குது?” என்றார்.

இத்தனை மாதமும் பாத்திரம் கழுவும்போதெல்லாம் ஒத்திகை பார்த்த பதில் ஒன்று என் நாக்கு நுனியில் இருந்தது. உங்களுக்கு இதெல்லாம் வராது அண்ணி. சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைக்கப்போவதில்லை. ஆனால் அவர் முகத்தில் இருந்த ஆசை, அந்தப் பொங்கலன்று என் முகத்தில் இருந்த அதே ஆசை. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“இழுத்துப் புடிக்காதீங்க அண்ணி. கொஞ்சம் முரட்டுத்தனமா விடுங்க.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். விட்டார். ஒரு மணி எழும்பியது, பக்கத்தில் இன்னொன்று. அதற்குள் வெளியே யாரோ கூப்பிட, ஊசியை என் கையில் திணித்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் காலை முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் தாலித் தட்டைச் சபையில் ஆசீர்வாதத்துக்குக் கொண்டுவந்தார்கள். தட்டில் தேங்காய், தேங்காய்மேல் தாலி. அந்தத் தட்டுக்காக நாத்தனார் நிச்சயமான நாளிலிருந்து மெல்லிய வலைத் துணி ஒன்று போட்டுவந்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் தேங்காய்க்கு அடியில் விரித்திருந்தது என் மஞ்சள் குங்குமத் தட்டின் துணி. வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் கை நீட்டித் தாலியைத் தொட்டுக் கும்பிட்டார்கள். தொட்டவர்களின் விரல் துணியிலும் ஒருமுறை பட்டுத்தான் திரும்பியது. பொங்கலன்று எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்த ஒரு சித்தி, தட்டோடு கூடவே வந்த நாத்தனாரிடம் இது நீ போட்டதா என்று கேட்டார்.

“எனக்கு இது வராது சித்தி. எந்தம்பி பொண்டாட்டி போட்டது. இதுக்கெல்லாம் அவ முரட்டுக் கைதான் வேணும்.”

மண்டபத்துக்கே கேட்கிற மாதிரிதான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. தட்டு என்னிடம் வந்தபோது தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிறகு, மில்லில் மாவைப் பார்ப்பதுபோல், துணியின் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தேன். பதம் சரியாக இருந்தது.