தெரியாது என்று சொல்லத் தெரியாத ஒல்மேதோ

எங்கள் வீட்டு முற்றத்தில் என் உள்பாவாடை காய்வதைத் தினமும் காலை பத்தரை மணிக்குப் பத்துப் பன்னிரண்டு வெளியூர்க்காரர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். திங்கட்கிழமை மட்டும் வர மாட்டார்கள். அதனால் கிழிந்த துணிகளையெல்லாம் திங்கட்கிழமை துவைத்துப் போடுவது என் வழக்கம். இந்த ஒழுங்கை என் வாழ்க்கையில் கொண்டுவந்து புகுத்திய புண்ணியவான் ஒல்மேதோ சிலுயிசா.

எங்கள் தலைநகர் கீட்டோவின் பழைய நகரத்தை நடந்தே சுற்றிக் காட்டுவது ஒல்மேதோவின் தொழில். கழுத்தில் நகரசபை கொடுத்த அட்டை, கையில் இரண்டு கம்பி உடைந்த குடை, பின்னால் ஒரு கூட்டம். பெரிய சதுக்கத்தில் ஆரம்பித்து, மூன்று தேவாலயங்கள், ஏழெட்டு பால்கனிகள் எல்லாம் காட்டிவிட்டு, மூச்சு வாங்க வாங்க எங்கள் மேட்டுத்தெருவுக்கு ஏற்றிக்கொண்டு வருவான். முந்நூறு வருஷத்து வீடு எங்களுடையது. ஒரு காலத்தில் ஒரே ஒரு சீமான் குடும்பம் இருந்ததாம். இப்போது எட்டுக் குடும்பங்கள் இருக்கிறோம், துணி துவைக்கும் கல் ஒன்றுதான். மாடி மூலையறையில் ஒல்மேதோவே குடியிருக்கிறான். தன் வீட்டையே பிழைப்புக்குக் காட்டுகிறவன் இந்த ஊரில் அவன் ஒருவன்தான்.

நான் ஜன்னலில் கிம்போலித்தோ விற்கிறேன். இலையில் மடித்து ஆவியில் வேகவைத்த இனிப்பு. ஒல்மேதோ பேசப் பேசக் கூட்டத்துக்குப் பசிக்கும், பசித்தால் என் ஜன்னலுக்கு வரும். ஆகவே அவனுடைய நாக்கு நன்றாக இருக்க வேண்டும் என்று நான் வேண்டாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

அந்த நாக்கில் ஒரே ஒரு கோளாறு. "தெரியாது" என்ற வார்த்தை அதில் ஏறாது.

இதற்கு அவனை மட்டும் குறை சொல்ல முடியாது. எங்கள் மலைநாட்டில் யாராவது வழி கேட்டால், தெரியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்ல மாட்டோம். மரியாதையாக ஒரு திசையைக் காட்டி அனுப்புவோம். அவர் அங்கே போய் இன்னொருவரைக் கேட்டுக்கொள்ளட்டும். நானே ஒரு பாதிரியாரை மூன்று முறை ஒரே சந்தைச் சுற்ற விட்டிருக்கிறேன். ஆனால் நாங்கள் எப்போதாவது செய்வதை ஒல்மேதோ தினமும் செய்தான், அதுவும் அட்டை மாட்டிக்கொண்டு.

எங்கள் முற்றத்தில் நான்கு கல்தூண்கள். மூன்று ஒல்லி, ஒன்று குண்டு. ஏன் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அவன் முகத்தில் விளக்கு எரியும்.

"மேஸ்திரி மூணு தூண் செதுக்கி முடிச்ச சமயத்துல அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. பொண்டாட்டி கைச்சமையல் அப்படி. மனுஷன் தன் உடம்பை அளந்துதான் தூண் செதுக்குவாரு. நாலாவது தூணைப் பாருங்க!"

கூட்டம் சிரிக்கும். தூணைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளும். என் கிம்போலித்தோ பத்து நிமிடத்தில் காலியாகும். மறுநாள் அதே தூணுக்குள் ஒரு விதவை தன் நகைகளை வைத்துப் பூசிவிட்டிருப்பாள். அதற்கு மறுநாள் அது சீமாட்டியோடு வந்த சீதனமாகிவிடும்.

போன வருஷம் பொகோட்டாவிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற டீச்சர் வந்தாள். முதல் நாள் மேஸ்திரி கதை அவளுக்கு மிகவும் பிடித்துவிட, தங்கையையும் அழைத்துக்கொண்டு மறுநாளும் வந்தாள். அன்று தூணுக்குள் விதவை.

"நேத்து வேற சொன்னீங்களே?" என்று டீச்சர் கேட்டாள்.

"நேத்து நீங்க அந்தப் பக்கமா நின்னீங்கம்மா. இந்தப் பக்கத்துல வேற நடந்துச்சு" என்றான் ஒல்மேதோ.

டீச்சர் புகார் எழுதினாள். வாழ்நாள் முழுக்கத் தப்பைச் சிவப்பு மையில் சுழித்தவள் சும்மா இருப்பாளா? ஒரு மாதத்தில் நகரசபை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஆர்க்கிடெக்ட் இர்மா பாரெதெஸ் என்ற அம்மாள் வரும் சனிக்கிழமை அவனோடு முழு நடையும் நடப்பார். தெரிந்ததைச் சொல்லலாம், தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். ஆனால் ஒரே ஒரு பதிலைக் கற்பனையாகக் கட்டிச் சொன்னாலும் அட்டை பறிபோகும்.

ஒல்மேதோ கடிதத்தோடு முற்றத்துக்கு வந்து துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டான். ஐம்பத்தைந்து வயதில் வேறு என்ன வேலைக்குப் போவான்? உடைந்த குடையைப் பழுதுபார்க்கக்கூடத் தெரியாதவன். எனக்குப் பாவமாக இருந்தது. கோபமும் வந்தது.

"அழாதே. 'தெரியாது'. அஞ்சு எழுத்து கூட இல்ல. சொல்லிப் பழகு" என்றேன்.

கீழ்த்தளத்துத் தையல்காரர் எலிசேயோ ஊசியைக் காலரில் குத்திக்கொண்டு எழுந்து வந்தார். "நான் கேக்குறேன். இந்த வீட்டுக் கூரை ஓடு எத்தனை?"

ஒல்மேதோவின் கழுத்து சிவந்தது. "தெ... தெரி... நாலாயிரத்து இருநூறு."

"எண்ணினியா?"

"சும்மா ஒரு மரியாதைக்குச் சொன்னேன்."

"சரி. போப்பாண்டவரோட சமையல்காரி பேரு என்ன?"

"பிலோமினா" என்றான், மூச்சுவிடாமல். "இடது கைக்காரி."

"அடப்பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டேன். "உனக்கு எப்படிடா தெரியும்?"

"தெரியாதுதான் வெசி." எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக்காரியும் வெசி, பால்காரனும் வெசி. "ஆனா ஒருத்தர் ஆசையா வந்து கேக்குறாரு. அவரை வெறுங்கையோட அனுப்புறதுக்கு மனசு வரலையே."

அப்போதுதான் எலிசேயோ குரலைத் தாழ்த்தி, "அந்த அம்மா வாசல் நடையைக் கேட்டா என்ன பண்ணுவே?" என்றார். மூவரும் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தோம்.

வாசலிலிருந்து முற்றத்துக்கு வரும் நடையின் தரை, ஆற்றுக் கூழாங்கல்லும் மாட்டு எலும்பும் பதித்துப் பூக்கோலம் போட்டது. பழைய வீடுகளில் அப்படித்தான் போடுவார்கள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், கார்னிவல் ஞாயிற்றுக்கிழமை, அந்தத் தரைக்குக் கீழே குழாய் வெடித்தது. பழைய நகரத்தில் சுவரில் ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும். தரையை வெட்ட அனுமதி வர ஏழு மாதம் ஆகும், எட்டுக் குடும்பமும் அதுவரை நாக்கை நனைக்க முடியாது. கார்னிவலில் ஊரே ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்ததால், எங்கள் வாசலில் ஆறு ஓடியதை யாரும் சந்தேகப்படவில்லை. நாங்களே தரையை வெட்டினோம், குழாயை மாற்றினோம். மண்ணைத் தள்ளி மூடிய பிறகுதான் தெரிந்தது, பழைய எலும்பில் பாதி நொறுங்கிப்போயிருந்தது.

புது எலும்புக்கு எங்கே போவது? எட்டுக் குடும்பமும் மாட்டுக்கால் சூப் குடிக்க ஆரம்பித்தோம். அதுவும் மாமிசத்தைக் குறைக்க வேண்டிய தவக்காலத்தில். வெள்ளிக்கிழமையைக் கடவுளுக்கு விட்டுவிட்டு மற்ற ஆறு நாளும் சூப். வைத்தவள் நான். புனித வாரம் வருவதற்குள் குழந்தைகள் மாட்டைத் தெருவில் கண்டாலே ஓடின. பொறுக்கிச் சேர்த்த எலும்பை ஒல்மேதோ சுண்ணாம்பு போட்டு வெளுத்தான், எலிசேயோ பதித்தார். தையல்காரர் கை அல்லவா, அந்த வரிசை மட்டும் இழுத்துத் தைத்தது மாதிரி நேராக நிற்கும்.

இது வெளியே தெரிந்தால் வீட்டுக்கு முத்திரை வைத்துவிடுவார்கள். எட்டுக் குடும்பமும் தெருவுக்கு வர வேண்டியதுதான். வருஷம் பத்தொன்பது ஆனாலும் சட்டத்துக்கு வயதாவதில்லை.

சனிக்கிழமை வந்தது. அன்று சனிக்கிழமை வழக்கப்படி என் அடுப்பில் பின்பக்கம் மாட்டுக்கால் சூப், முன்பக்கம் கிம்போலித்தோ. ஜன்னலில் நான், தன் கதவில் எலிசேயோ. பத்தரைக்குக் குடை தெரிந்தது. அதன் பின்னால் ஒன்பது சுற்றுலாக்காரர்கள், கடைசியில் சாம்பல் நிற மழைக்கோட்டும் நோட்டுமாய் ஒல்லியான ஓர் அம்மாள்.

கூட்டத்தின் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. ஒருவன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். வழியெல்லாம் ஒல்மேதோ உண்மையையே பேசியிருக்கிறான் பாவம்!

"இந்தத் தூண் ஏன் குண்டா இருக்கு?" என்று ஒரு பெண் கேட்டாள்.

விளக்கெண்ணெய் குடித்தவன் முகத்தோடு ஒல்மேதோ சொன்னான்: "நிலநடுக்கத்துல விரிசல் விட்டுச்சு. மேல கல்லும் சாந்தும் வச்சுப் பூசினாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க." அதைச் சொல்லும்போது அவன் கண்ணில் நீர் முட்டியதை நான் பார்த்தேன். ஒருவரும் தூணைக் கட்டிப்பிடிக்கவில்லை. என் ஜன்னல் பக்கமும் ஒருவரும் வரவில்லை.

எல்லாம் முடிந்து வெளியே போகும்போது ஆர்க்கிடெக்ட் அம்மாள் நடையில் நின்றுவிட்டார். குனிந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னும் குனிந்தார்.

"ஒல்மேதோ சிலுயிசா, இங்க வாங்க. இந்த ஒரு வரிசை மட்டும் வெள்ளையா இருக்கு. தையல் போட்ட மாதிரி நேரா வேற இருக்கு. இது எந்தக் காலத்து வேலை? யார் போட்டது?"

எலிசேயோ ஊசியைத் தன் விரலிலேயே குத்திக்கொண்டார். நான் ஜெபமாலையைத் தேடினேன், கையில் கிடைத்தது கரண்டி.

ஒல்மேதோ நின்றான். உண்மையைச் சொன்னால் வீடு போகும். கதை கட்டினால், இந்த அம்மாள் எலும்பை முகர்ந்தே வயதைச் சொல்லிவிடுவார் போலிருந்தது, அட்டை போகும். மீதி இருந்தது அந்த ஒரே வார்த்தை, ஒரு வாரம் முழுக்கப் பழகியும் நாக்கில் ஏறாத வார்த்தை. இதில் கொடுமை என்னவென்றால், கொட்டாவி விட்டவன் உட்பட ஒன்பது பேரும் அப்போதுதான் முதல் தடவையாகக் காதைத் தீட்டிக்கொண்டு நெருங்கி வந்தார்கள். கார்னிவல், குழாய், தவக்காலம், சூப்! இருபத்திரண்டு வருஷமாக அவன் கட்டிய கதையெல்லாம் இதற்குப் பக்கத்தில் நிற்குமா? இது நிஜமாகவே நடந்தது வேறு. அவன் உதடு துடித்தது. குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். ஒரு கணம் முகத்தில் அந்த விளக்குகூட எரிந்தது. செத்தோம் என்று நினைத்தேன்.

அவன் நிமிர்ந்து என் ஜன்னலைப் பார்த்தான். எட்டுக் குடும்பத்தின் துணியும் கொடியில் ஆடுவதைப் பார்த்தான்.

"தெரியாதுங்க ஆர்க்கிடெக்ட் அம்மா" என்றான்.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு நோட்டை மூடினார். "எத்தனையோ வழிகாட்டிகளைச் சோதிச்சிருக்கேன். இந்த வார்த்தையை ஒருத்தர் வாயிலருந்தும் கேட்டதில்ல. இவ்வளவு நேர்மையான ஆளு மேல புகார் எழுதியிருக்காங்களே! உங்க அட்டையை அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிச்சுத் தரச் சொல்றேன்."

போகிறபோது என் ஜன்னலுக்கு வந்து ஒரு கிம்போலித்தோ வாங்கினார். இலையைப் பிரித்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: "ஆமா வெசி, இந்த வீட்டுல மாட்டுக்கால் சூப் நல்லா வைக்கிறது யாரு?"

என் முதுகுக்குப் பின்னால் பானை தளபுளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. வாசனை தெருக்கோடி வரை போயிருக்கும்.

"தெரியாதும்மா" என்றேன்.

"நல்லாத்தான் வைப்பாங்க போல" என்றார். எலும்பு வரிசையை மிதிக்காமல் ஓரமாகக் கால் வைத்து வெளியே போனார். நான் ஓடிப்போய்ப் பானைக்கு மூடி போட்டேன்.

அன்று மத்தியானம் எலிசேயோ ஒரு பாட்டில் வாங்கி வந்தார். மாடியிலிருந்து பெண்களெல்லாம் இறங்கி வந்து ஒல்மேதோவைக் கட்டிக்கொண்டார்கள். அவனோ துவைக்கும் கல்லில் துக்கவீட்டுக்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தான். அட்டையைக் கழற்றி மடியில் வைத்திருந்தான்.

"என்னடா, வீடும் தப்பிச்சது, நீயும் தப்பிச்சே. மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்று ஒரு கிண்ணம் சூப்பை அவன் கையில் வைத்தேன்.

"அந்தத் தூணு, அந்த பால்கனி, அந்த விதவை... எல்லாம் கேட்டவங்க மனசு நிறையணும்னு சொன்னது வெசி. நம்பறவன் நம்புவான், சிரிக்கறவன் சிரிப்பான். ஆனா இன்னைக்கு ஒன்பது பேரு வாயைத் திறந்துக்கிட்டு நின்னாங்க. எனக்கு நல்லாத் தெரிஞ்ச ஒண்ணைத் தெரியாதுன்னு சொல்லி வெறுங்கையோட அனுப்பிட்டேன்." அவன் மூக்கை உறிஞ்சினான். "இருபத்திரண்டு வருஷத்துல இன்னைக்குத்தான் முதல் தடவையா பொய் சொல்லியிருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் அது அழுகையாகிவிட்டது. கிண்ணத்தை வாங்கி இன்னொரு கரண்டி சூப் ஊற்றினேன், நல்ல கணு எலும்பாகப் பார்த்து.