தம்பி வரைந்த சிவப்புப் பட்டை

என் தம்பியின் கம்ப்யூட்டர் மாதிரி ஒன்றை எந்தக் கடையிலும் விற்க மாட்டார்கள். செத்துப்போன ஆறு கம்ப்யூட்டர்களிலிருந்து உறுப்புகளைப் பிடுங்கி அவனே கட்டியது. பெட்டிக்கு ஒரு பக்கத் தகடு கிடையாது. உள்ளே விசிறி சுற்றுவது தெரியும். ஆன் செய்கிற பட்டன் உடைந்து வெகுநாள் ஆகிறது. சுவரில் உள்ள சுவிட்சைப் போட்டால் ஓடும், அணைத்தால் நிற்கும். அவன் சட்டைப் பையில் எப்போதும் நாலு திருகாணி கிடக்கும் என்பதால் தெருவில் அவனுக்கு ஸ்க்ரூ என்று பெயர்.

"ஸ்க்ரூ இருக்காரா?" என்று யாராவது வாசலில் வந்து கேட்டால், "பையிலதான் இருக்கு. தலையில ஒண்ணு குறையுது" என்பாள் அம்மா.

அவனுக்கு முப்பத்து நான்கு வயது. அப்பா படுக்கையில் விழுந்த வருடம் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு ஜெராக்ஸ் கடையில் வேலைக்கு நின்றான். நான் பத்தாவதோடு சரி. எங்கள் வீட்டில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவன் அவன் ஒருவன்தான். அந்த மதிப்பெண் பட்டியலை இன்றும் என் பெட்டியில்தான் வைத்திருக்கிறேன். கடைக்கு வரும் கட்டட வரைபடங்களைப் பார்த்துப் பார்த்தே, காகிதத்தில் கோடாகக் கிடக்கும் வீட்டைத் திரையில் எழுப்பக் கற்றுக்கொண்டான். இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டாத வீட்டுக்குள் நாம் கதவைத் திறந்து நடந்து போவதுபோல் படம் செய்வான். சன்னல் வழியே வெயில் விழும். நாற்காலிக் காலின் நிழல் எந்தப் பக்கம் சாய வேண்டுமோ அந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கும். முதல் தடவை பார்த்தபோது, "செருப்ப எங்கடா கழட்டிப் போடுறது?" என்று கேட்டேன். அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

அப்படி ஒரு படத்தைக் கம்ப்யூட்டர் செய்து முடிக்க எட்டு, ஒன்பது மணி நேரம் ஆகும். அதை 'ஓடவிடுவது' என்பான். ஒட்டுப்போட்ட பெட்டி அவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்குமா என்ற பயம் அவனுக்கு எப்போதும் உண்டு. அதனால் திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் வைத்தான். அதில் இரண்டு கோடுகள் நகர்ந்துகொண்டே இருக்கும். பச்சைக் கோடு பிராசசர். நீலக் கோடு மெமரி.

"பச்சை வேலைக்காரன்க்கா. நீலம் அவன் சாமான் பரப்பி வச்சிருக்கிற மேசை. வேலைக்காரன் மூச்சு முட்ட ஓடினாலும் பரவால்ல. மேசை நிறைஞ்சுதுன்னாதான் எல்லாம் நின்னுரும்" என்றான்.

எனக்கு அது உடனே பிடிபட்டது. நான் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் பாய்லர் பார்க்கிறேன். பதினேழு வருடமாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, அழுத்தம் காட்டும் முள் நிற்கும் இடத்தை நோட்டில் எழுதுவதுதான் என் பிழைப்பு. எனக்கு எளிதாக இருக்கட்டும் என்று, கட்டத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேலே சிவப்பில் ஒரு பட்டை தீட்டினான் தம்பி. "இப்ப உன் பாய்லர் மாதிரியே இருக்கா?" என்றான். அச்சு அசலாக இருந்தது.

அம்மா கட்டிலில் இருந்தபடியே, "பெட்டிக்கு ஈசிஜி எடுக்குறீங்க. பெத்தவளுக்கு எப்ப எடுப்பீங்க?" என்றாள்.

போன மாதம் ஒரு கட்டட நிறுவனம் அவனுக்கு ஒரு வீட்டின் வரைபடத்தைக் கொடுத்தது. புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் படத்தை முடித்துக் கொடுத்தால் நிரந்தர வேலை. வாரக்கணக்கில் உழைத்தான். செவ்வாய் மாலை வரைபடத்தில் ஏதோ மாற்றம் சொன்னார்கள். அதைச் சரிசெய்து, புதன் காலை ஏழு மணிக்குப் படத்தை ஓடவிட்டான். மூன்று ஐம்பத்தைந்துக்கு முடியும் என்று திரை சொன்னது. பேருந்தில் அரை மணி நேரம். நேரம் இருந்தது. ஆனால் அன்றைக்கே இரண்டு மணிக்கு நேர்முகத்துக்கும் வரச் சொல்லியிருந்தார்கள்.

புதன் எனக்கு வார விடுமுறை. ஏழு மணிக்கே நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன். முதல் வரி: பச்சை 97, நீலம் 42.

பன்னிரண்டரைக்கு இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பினான். "பாத்துக்கக்கா. ஏதாவதுன்னா போன் பண்ணு" என்றான். பண்ணுகிறேன் என்றேன். அவன் எடுக்காவிட்டால் என்ன செய்வது என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எதையும் இரண்டு முறை கேட்டுக்கொள்கிறவள் நான். அன்று கேட்கத் தோன்றவில்லை.

நீலக் கோடு இறங்கவே இல்லை. பச்சை ஏறும், இறங்கும். நீலம் மட்டும் பத்து நிமிடத்துக்கு ஒன்று, எப்போதாவது இரண்டு என்ற கணக்கில் படியேறியது. ஒரு மணிக்கு 80. இரண்டு மணிக்கு 87. பெட்டியின் பக்கம் கையை நீட்டினால் சூடு அடித்தது. இரண்டரைக்கு 90. சிவப்பைத் தொட்டுவிட்டது.

போன் செய்தேன். அணைத்து வைத்திருந்தான். மறுபடி செய்தேன். மூன்றாம் முறையும் அதே பதிவுக் குரல்தான் பேசியது. இரண்டு நாற்பதுக்கு 91.

எங்கள் பாய்லர் அறைச் சுவரில் என் உயரத்துக்கு ஒரு வாசகம் எழுதியிருக்கிறது: 'முள் சிவப்பைத் தொட்டால் முதலில் அணை, பிறகு அழை.' நான் அழைத்துவிட்டு அல்லவா உட்கார்ந்திருக்கிறேன் என்று உறைத்தது. அவன் இத்தனை வருடம் கட்டிய பெட்டி என் கண் முன்னால் வெடித்துப் போனால் எந்த முகத்தோடு அவனைப் பார்ப்பேன்? எழுந்து போய்ச் சுவிட்சை அணைத்தேன். விசிறி மெல்ல நின்றது. நிம்மதியாக இருந்தது. 'காப்பாற்றிவிட்டேன்' என்றே நினைத்தேன்.

மூன்றே காலுக்கு மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவி வந்தான். "அக்கா! படத்தக் கொண்டு வந்து குடு, திங்கட்கிழமைல இருந்து வான்னுட்டாங்க!" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவன், இருண்ட திரையைப் பார்த்தான்.

"கரண்ட் போச்சா?"

"இல்லடா. சிவப்புக்குப் போயிருச்சு. நான்தான் அணைச்சேன். போன் பண்ணினேன், நீ எடுக்கல."

சுவிட்சைப் போட்டான். திரை வந்ததும் எதையோ திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். "ஃபைல் இருக்கு. திறக்க மாட்டேங்குது" என்றான், யாரிடமோ சொல்வதுபோல.

"முதல்ல இருந்து ஓட்டினா?"

"ஒம்போது மணி நேரம்க்கா."

நிறுவனத்துக்குப் போன் செய்தான். நாளைக் காலை தருகிறேன் என்று கெஞ்சினான். அவன் யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை. அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், "அஞ்சுன்னா அஞ்சுதாங்க. இன்னும் ரெண்டு பேரு குடுத்திருக்காங்க" என்றது எனக்கே கேட்டது.

போனை வைத்துவிட்டு நோட்டைக் கேட்டான். கொடுத்தேன். விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டு வந்தான். நாற்பத்தேழு வரிகள். கடைசி வரியில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"இது எப்படியும் போயிருக்கும்க்கா. இந்த வேகத்துல ஏறினா மூணே முக்காலுக்கே நூறு தொட்டிருக்கும். தானா நின்னிருக்கும். படம் முடிய மூணு அம்பத்தஞ்சு. பத்து நிமிஷம் பத்தல. உன் கை படலைன்னாலும் இதேதான்."

அம்மா கட்டிலில் இருந்து, "விடுடி, அவனே சொல்றான்ல" என்றாள். நான் தலையாட்டினேன்.

மறுநாள் பாய்லர் அறையில், இரண்டு பதிவுகளுக்கு நடுவில், அந்தக் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். ஏழு மணிக்கு 42. இரண்டு நாற்பதுக்கு 91. நானூற்று அறுபது நிமிடத்தில் நாற்பத்தொன்பது ஏறியிருக்கிறது. மீதி ஒன்பது ஏற எண்பத்து நான்கு நிமிடம். நூறைத் தொடுவது நான்கு மணி நான்கு நிமிடத்துக்கு. படம் அதற்கு ஒன்பது நிமிடம் முன்பே முடிந்திருக்கும். மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் நான்கு நான்கு.

அவன் கணக்கில் தப்பு செய்கிறவன் இல்லை.

அதை நான் அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் எனக்காகத் தூக்கிக்கொண்ட பொய்யைப் பிடுங்கிக் கீழே போட்டதுபோல் ஆகும். திங்கட்கிழமை, அந்த நிறுவனம் வேறு ஒருவரை எடுத்துக்கொண்டது என்று செய்தி வந்தது. தம்பி வழக்கம்போல் ஜெராக்ஸ் கடைக்குப் போனான்.

அடுத்த புதன் காலை அவன் அதே படத்தை மறுபடி ஓடவிட்டான்.

"யாருக்குடா?" என்றேன்.

"யாருக்கும் இல்ல. முடிக்காம விட்டா மனசு ஆறல. கடைக்குப் போறேன், பாத்துக்க."

"நான் வேணாம்டா."

"உன்ன மாதிரி யாரு எழுதுவா? போன் இன்னிக்கு ஆன்லதான் இருக்கும். நான் சொல்ற வரைக்கும் தொடாத, அவ்வளவுதான்."

"பெட்டியில ஏதாவது மாத்தினியா?"

செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டான். "இல்ல. அப்படியேதான்."

சிவப்புப் பட்டையையும் அவன் அழிக்கவில்லை. நீலக் கோடு அதே படிகளில், ஒரு நிமிடம்கூடப் பிசகாமல் ஏறியது. இரண்டரைக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"தொண்ணூறு" என்றேன்.

"விடு."

பத்து நிமிடம் கழித்து, "தொண்ணூத்தொண்ணு."

"விடுக்கா. எழுதிக்கிட்டே இரு."

பேனா பிடிக்காத கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். தொண்ணூற்று ஐந்து, தொண்ணூற்று ஏழு. அம்மாகூடக் கட்டிலிலிருந்து எழுந்து வந்து என் பின்னால் நின்றாள். மூன்று ஐம்பத்தைந்துக்கு நீலக் கோடு 99-இல் நின்றது, ஒரு நொடி நின்றது, பிறகு கிணற்றில் கல் போட்டதுபோல் கீழே விழுந்தது. படம் முடிந்துவிட்டது.

சாயங்காலம் அவன் வந்ததும் மூவருமாகப் பார்த்தோம். கதவு திறந்தது. கூடம், சமையலறை, வெயில் விழும் மாடிப்படி, அதற்கு மேலே மொட்டைமாடி.

"நல்லாருக்கு. யார் வீடுடா?" என்றாள் அம்மா.

"தெரியலம்மா."

நான் நோட்டை அவன் பக்கம் நகர்த்தினேன். கடைசி வரியைப் பார்த்தான்: 3.55, நீலம் 99. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கையெழுத்து அழகா இருக்குக்கா" என்றான்.

நான் நோட்டை மூடி, அவனுடைய மதிப்பெண் பட்டியல் இருக்கும் பெட்டிக்குள் வைத்தேன்.