ஹெர் டீட்ஸுக்கு ஒரு வேட்டைக் கத்தி

செருப்பு விற்கிறவர் ஒரு வாடிக்கையாளரோடு கால் மணி நேரம் செலவழித்தால் போதும். கையால் செய்த வேட்டைக் கத்தி விற்கிறவர் ஒன்பது வருடம் ஒதுக்கி வைக்க வேண்டும். கடையில் நின்று பிழைத்தவர்களுக்கு இது புரியும். "இதே மாதிரி, ஆனால் வேறு மாதிரி ஒன்று இருக்கிறதா?" என்ற கேள்விக்குச் சிரித்த முகத்தோடு பதில் சொல்லியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் எனக்குச் சொந்தம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆறு மாதம்

பான் நகரில், ரைன் ஆற்றிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது எங்கள் கடை. பின்பக்கம் பட்டறை. அங்கே முதலாளி அம்மா ஃபிராவ் கெல்லர் இருப்பார் (ஜெர்மனில் ஃபிராவ் என்றால் திருமதி, ஹெர் என்றால் திரு). இரும்பைக் காய்ச்சுவது, அடிப்பது, தீட்டுவது, மான்கொம்பில் கைப்பிடி போடுவது எல்லாம் அவர் ஒருவரே. முன்பக்கம் விற்பனை, அங்கே நான். இதற்கு முன் பன்னிரண்டு வருடம் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினேன். முழங்கால் இரண்டும் போய்விட்டன. இங்கே கதிரையில் உட்காரலாம், மாலை ஆறரைக்கு வீட்டுக்குப் போகலாம். இந்த வேலை எனக்கு எப்படியாவது நிலைக்க வேண்டியிருந்தது.

ஜெர்மனியில் புது வேலை என்றால் முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம். அதற்குள் பிடிக்கவில்லை என்றால் அனுப்பிவிடலாம். முதல் நாளே நான் ஃபிராவ் கெல்லரிடம், "வேலை நிரந்தரமாவதற்கு நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டேன். அவர் சுத்தியலைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்: "வியாழக்கிழமை இரண்டு மணிக்கு ஹெர் டீட்ஸ் என்று ஒருவர் வருவார். ஒன்பது வருடமாக வருகிறார், ஒரு கத்தியும் வாங்கவில்லை. அவருக்கு ஒன்று விற்றுவிடுங்கள், போதும்."

மானுக்கு வியர்க்கும்

ஹெர் டீட்ஸ் இருக்கட்டும். மற்றவர்களிடம் நான் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் பச்சைத் தொப்பி போட்ட ஒருவர் வந்தார். ஒரு கத்தியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வியர்வை பட்டால் கைப்பிடி வழுக்குமா?" என்று கேட்டார். கை அதிகமாக வியர்க்கிறவர்கள் பருத்திக் கையுறை போடலாம், ஒருமுறை டொக்டரிடம் காட்டுவதும் நல்லது என்று அக்கறையோடு சொன்னேன். "கரண்டிகளுக்குப் பின்னால் வெட்ட இது வசதிப்படுமா?" என்றார். கரண்டி வெட்டுகிற கத்தி எங்களிடம் இல்லை என்று மன்னிப்புக் கேட்டேன். "தட்டு?" என்றார். பாத்திரக் கடைக்கு வழி சொன்னேன்.

ஜெர்மன் வேட்டைக்காரர்களுக்குத் தனிப் பேச்சு ஒன்று இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இரத்தத்தை அவர்கள் இரத்தம் என்று சொல்வதில்லை, வியர்வை என்பார்கள். முயலின் காது கரண்டி. காட்டுப்பன்றியின் காது தட்டு. மானின் கண்கள் விளக்குகள். ஃபிராவ் கெல்லர் பட்டறையிலிருந்து ஓடி வந்து இதையெல்லாம் விளக்கிய பிறகு, நான் இரண்டாம் முறை மன்னிப்புக் கேட்டேன். வந்தவர் தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு வியர்ப்பதே இல்லை. மானுக்குத்தான் வியர்க்கும்."

கைப்பிடியில் என்ன இருக்கிறது

ஒரு பெண்மணி கணவரின் பிறந்தநாளுக்குக் கத்தி வாங்க வந்தார். தான் இறைச்சி, பால், முட்டை, தேன் எதையும் தொடாதவர் என்று முதலிலேயே சொன்னார். மான்கொம்புக் கைப்பிடி வேண்டாம், எருமைக்கொம்பு வேண்டாம், எலும்பு வேண்டாம். வால்நட் மரத்தில் ஒன்று காட்டினேன். மரத்தை ஒட்டிய பசை எதிலிருந்து செய்தது என்று கேட்டார். பட்டறைக்குப் போய் விசாரித்து வந்து, அது ஆய்வுக்கூடத்தில் செய்த பசை, அதில் எந்த மிருகமும் இல்லை என்றேன். நிம்மதியாகக் கத்தியைப் பொதி செய்யச் சொன்னார். உங்கள் கணவர் இதை வைத்து என்ன செய்வார் என்று நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். "மான் உரிப்பார். ஆனால் அது மானுக்கும் அவருக்கும் உள்ள பிரச்சினை."

மரத்தில் இருக்கும் மிருகம்

ஒரு சனிக்கிழமை பக்கத்து ஊரிலிருந்து ஓர் அக்கா வந்தார். கத்திக் கடையில் ஒரு தமிழ்ப்பிள்ளை நிற்கிறது என்று கோயிலில் கேள்விப்பட்டாராம். கண்ணாடிப் பெட்டியில் இருந்தவற்றில் மிகப் பெரியதைக் காட்டி, "தம்பி, உதை ஒருக்கா எடுங்கோ" என்றார். காட்டுப்பன்றிக்கென்று செய்த கத்தி அது.

"என்னத்துக்கு அக்கா?"

"பிலாப்பழம் வெட்டத்தான். வீட்டில கிடக்கிற கத்தியள் ஒண்டுக்கும் ஏலாது. பாலில ஒட்டிக்கொண்டு நிக்குது."

எந்த மிருகத்துக்கு என்று தெரியாமல் ஃபிராவ் கெல்லர் பெரிய கத்தி கொடுப்பதில்லை. பட்டறை வாசலில் வந்து நின்று, "என்ன மிருகம்?" என்றார். பிலாப்பழத்துக்கு ஜெர்மனில் என்ன சொல் என்று எனக்கு அந்த நேரம் வரவில்லை. பெரியது, பத்துக் கிலோ வரும், தோல் முழுக்க முள், உள்ளே மஞ்சள், கையில் ஒட்டும் என்று வரிசையாகச் சொன்னேன். "வேகமாக ஓடுமா?" ஓடாது, மரத்தில் தொங்கும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். இந்த நாட்டில் ஒவ்வொரு மிருகத்தையும் இன்ன மாதத்தில்தான் சுடலாம் என்று சட்டம் இருக்கிறது. அதனால், "அதற்கு வேட்டைக் காலம் எது?" என்று கேட்டார். நான் அதை அப்படியே அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் துளியும் யோசிக்கவில்லை. "ஆனி, ஆடி எண்டு சொல்லுங்கோ தம்பி. தகரப் பேணியில அடைச்சது எண்டால் வருசம் முழுக்க."

ஹெர் டீட்ஸ்

இனி அவர். ஓய்வுபெற்ற நில அளவையாளர், ஒல்லியானவர், மிகவும் மரியாதையானவர். ஒவ்வொரு வியாழனும் சரியாக இரண்டு மணிக்கு ஒரு சிறிய பெட்டியோடு வருவார். அதில் கடிதம் நிறுக்கும் தராசு, பூதக்கண்ணாடி, ஒரு வெள்ளைத் துணி. ஃபிராவ் கெல்லர் அவருக்கென்று செய்து வைத்திருக்கும் கத்தியைத் துணியில் படுக்க வைத்து, நாடி பிடிப்பது போலப் பார்ப்பார். பிறகு குறையைச் சொல்வார். ஒரு வாரம் எடை இரண்டு கிராம் கூட. அந்த இரண்டு கிராமைத் தேய்த்து எடுத்தால், அடுத்த வாரம் கத்தி "தன்னம்பிக்கை இழந்துவிட்டது". ஒரு வாரம் அலகு அதிகமாக மினுங்கியது, மானுக்குக் கண் கூசுமாம். இன்னொரு வாரம் கைப்பிடிக் கொம்பு ஒரு கோபக்கார மானுடையது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். உள்ளங்கையில் தெரிகிறதாம்.

குறைகளை ஒரு கொப்பியில் எழுதி வந்தேன். ஐந்தாம் மாதம் முடியும்போது பத்தொன்பது குறைகள் சேர்ந்திருந்தன. அவர் வேண்டாம் என்ற கத்திகளை மற்றவர்கள் போட்டி போட்டு வாங்கிப் போனார்கள். அதனால் கடைக்கு நட்டம் இல்லை. ஆனால் அவருக்கு ஒன்று விற்பது ஃபிராவ் கெல்லருக்கு மானப் பிரச்சினை. எனக்கு முழங்கால் பிரச்சினை. ஒரு நாள் பொறுக்க முடியாமல், கடைசியாக எப்போது வேட்டைக்குப் போனீர்கள் என்று கேட்டேன். ஹெர் டீட்ஸ் பூதக்கண்ணாடியை மடித்தார். "இன்னும் போகவில்லை. நல்ல கத்தி ஒன்று கிடைக்கட்டும் என்று இருக்கிறேன்."

இரண்டு ராகு

தகுதிகாண் காலத்தின் கடைசி வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, என் மனைவி சுகந்தி கேட்டார்: "அந்த மனுசன் எத்தனை மணிக்கு வாறவர்?"

"வியாழன் ரெண்டு மணிக்கு. எத்தினை தரம் சொல்லிப்போட்டன்."

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் தொங்கிய கோயில் கலண்டரைக் கழற்றிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "இஞ்சாருங்கோ, வியாழன் ஒண்டரையில இருந்து மூண்டு மட்டும் ராகுகாலம். ராகுகாலத்தில ஆராவது கத்தி வாங்குவினமே?"

"அது ஊர் நேரமப்பா. ராகுகாலம் சூரியன் உதிக்கிறதை வைச்சு எண்ணுறது. இஞ்ச இப்ப பத்து மணி மட்டும் வெளிச்சம்."

கடதாசி எடுத்து, சூரியன் உதிப்பதிலிருந்து மறைவது வரை எட்டாகப் பிரித்துக் காட்டினேன். ஊரில் ராகுவுக்கு ஒன்றரை மணி நேர வேலை. பான் நகரில் கோடை காலத்தில் இரண்டு மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேல். வியாழன் பின்னேரம் நாலு மணிக்குச் சற்று முன் வந்து, ஆறு மணிக்குச் சற்று முன் போகிறார். ஆகவே இரண்டு மணி சுத்தமான நேரம் என்று வெற்றியோடு பேனாவை மூடினேன். சுகந்தி கடதாசியையும் கலண்டரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப ரெண்டு ராகு. ஊர் ராகுவும் ஜெர்மன் ராகுவும் இல்லாத நேரமாப் பாத்து, அந்த மனுசனுக்கு ஒரு டெர்மின் குடுங்கோ."

புதன்கிழமை பத்து மணி

ஜெர்மனியில் கலியாணத்தைக்கூடத் தள்ளிப் போடலாம். டெர்மினை, அதாவது முன்கூட்டிக் குறித்த சந்திப்பு நேரத்தை, மாற்றுவது பெரிய விஷயம். இரண்டு நாள் துணிவு வரவில்லை. புதன் காலை எட்டரைக்குத்தான் ஹெர் டீட்ஸைத் தொலைபேசியில் கூப்பிட்டு, நாளைக்குப் பதிலாக இன்று பத்து மணிக்கு வர முடியுமா என்று கேட்டேன். நாட்குறிப்பைப் புரட்டும் சத்தம் கேட்டது. ஆனாலும் வந்தார். நிறுத்தார், தடவினார், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். நாற்பது நிமிடம் போயிற்று. பிறகு என் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"குறை ஒன்றும் வரவில்லை," என்றார். "வழக்கமாகப் புதன் மாலையில்தான் நான் குறைகளை யோசித்து எழுதுவேன். நீங்கள் காலையிலேயே கூப்பிட்டுவிட்டீர்கள்."

ஃபிராவ் கெல்லர் முகம் மலர்ந்து, பெட்டி எடுக்கப் பட்டறைக்குள் ஓடினார். ஹெர் டீட்ஸ் குரலைத் தாழ்த்தினார். நண்பர்கள் வற்புறுத்தி வேட்டைப் பரீட்சை எழுதினாராம், தேறியும் விட்டாராம். அவர்கள் ஒவ்வொரு முறை வேட்டைக்குக் கூப்பிடும்போதும் கத்தி சரியாக அமையவில்லை என்று சொல்லித்தான் தப்பி வந்திருக்கிறார். "இதை வாங்கினால் சனிக்கிழமை நான் ஒரு மானைச் சுட வேண்டும். அது என்னைத் திரும்பிப் பார்க்கும். எனக்கு அது முடியாது."

கையொப்பம் இடாத என் ஒப்பந்தம் மேசை லாச்சியில் கிடந்தது. இன்னும் இரண்டு நாள்தான். வாங்காதீர்கள் என்று சொன்னால் நான் திரும்பப் பாத்திரத்துக்கு. வாங்குங்கள் என்றால் இந்த மனிதர் மானுக்கு முன்னால். பட்டறைக்குள் பெட்டிகளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"ஹெர் டீட்ஸ், இந்தக் கத்தியை எதில் வைத்துக் காட்டுக்குக் கொண்டு போவீர்கள்?"

"உறையில்தான்."

"எங்களிடம் உறை கிடையாது. தோலில், கையால் தைத்த, இதற்கென்றே அமைந்த ஓர் உறை வேண்டும். அது சுலபமாகக் கிடைக்கும் என்றா நினைக்கிறீர்கள்?"

அவர் என்னையே பார்த்தார். கன்னத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பு ஏறியது. ஃபிராவ் கெல்லர் பெட்டியோடு வருவதற்குள் கத்தியைக் கையில் எடுத்துவிட்டார். விற்பனை முடிந்தது, என் ஒப்பந்தத்தில் ஃபிராவ் கெல்லர் கரிக் கையாலேயே கையொப்பம் வைத்தார். கதவு வரை போன ஹெர் டீட்ஸ் திரும்பிக் கேட்டார்: "உறை பற்றிப் பேச வியாழன் இரண்டு மணிக்கே வரலாமா? புதன் மாலை எனக்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்."

ஆக, என் அனுபவத்தில் ஒரு வேட்டைக் கத்தியை விற்பதற்கு வேண்டியது, அதை ஒருநாளும் பயன்படுத்த வேண்டியிராது என்ற உத்தரவாதம் மட்டும்தான்.