இடப்பக்கத்துக் கை

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மோட்டார் கார் ஒரு சந்தியில் இடப்புறம் திரும்பியது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் திருப்பம் முடிவதற்குள் ஒரு பனையோலைக் கடகம் நிறையக் கத்தரிக்காயும் அதன் சொந்தக்காரியும் காருக்குள் இருந்தனர்.

எப்படி என்று சொல்வதற்கு முன் ஒரு குறிப்பு. சில கிழமைகளாக இப்பத்தி வெளிவரவில்லை. காரணத்தை வாசகர் அறிவர். பலர் நேரில் வந்தனர். வர இயலாதவர் எழுதினர். யாவர்க்கும் நன்றி. அதைப் பற்றி இங்கே எழுதுவதற்கில்லை. இக்கிழமைப் பொருள் — மோட்டார் கார்களுக்கான நவீன சாதனங்கள்.

என் கார் புதியதன்று. இளைப்பாறிய ஆசிரியர் ஒருவரிடம் இருக்கத் தகுந்த வயதுடையது. வீட்டில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த மறுகிழமை, கொக்குவில் ரயில் கடவைக்கு அருகே அது இடப்புறம் திரும்புகையில், பின்னால் வந்த பஸ் ஒன்று உரசிச் சென்றது. சேதம் மட்கார்டுக்கு மாத்திரம். பஸ் சாரதி இறங்கி வந்தார்.

"வாத்தியார், திரும்பிறதெண்டால் சொல்லிப்போட்டெல்லோ திரும்பவேணும்?"

நியாயமான கேள்வி. ஆனால் எப்படிச் சொல்வது? வலப்பக்கம் அமர்ந்து ஓட்டுபவனின் கை இடப்பக்கம் எட்டாது. வலக்கையை வெளியே நீட்டிச் சுழற்ற வேண்டும் என்பது விதி. நம்மூரில் அப்படிச் சுழற்றினால், வாத்தியார் காகம் கலைக்கிறார் என்பார்கள்.

அப்படியானால் இத்தனை காலமும் எப்படித் திரும்பினீர் என்று கேட்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள்.

செய்தி அன்று மாலையே உடுப்பிட்டிக்குப் போய்விட்டது. அங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் என் மகள் மறுநாள் வந்து சேர்ந்தாள்.

"ஐயா, இனி நீங்கள் தனியக் கார் ஓடக்கூடாது. ஆரும் கூட வந்தால் ஓடுங்கோ. இல்லாட்டில் வித்துப்போடுவம்."

"ஆர் பிள்ளை கூட வாறது?"

அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள். நான் பத்திரிகையை விரித்தேன். வீட்டில் எனக்கென்று மீந்திருந்த வேலை கார் ஓட்டுவது ஒன்றே என்பதை அவளும் அறிவாள். 

இந்நிலையில்தான் விஞ்ஞானம் தலையிட்டது. அது கொழும்பிலிருந்து மெயில் ரயிலில், என் மருமகன் தவராசாவின் உருவத்தில், ஒரு மரப்பெட்டியுடன் வந்து இறங்கியது.

மருமகனுக்கு அரசாங்க உத்தியோகம். கார் கிடையாது. ஆனால் ஆங்கில மோட்டார்ச் சஞ்சிகைகளைத் தலையங்கம் முதல் விளம்பரம் வரை வாசிப்பவர். கார் இல்லாதவர்களிடமே காரைப் பற்றிய அறிவு முழுவதும் சேர்ந்திருப்பது ஏனோ தெரியவில்லை...

"மாமா, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. இப்ப எல்லாத்துக்கும் சாமான் வந்திட்டுது. கூட ஆளே தேவையில்லை!"

பெட்டியைத் திறந்தார். முதலில் வெளிவந்தது மூடுபனியை ஊடறுக்கும் மஞ்சள் விளக்கு. யாழ்ப்பாணத்தில் தை மாதத்து விடியலில் ஓரிரு நாள் பனி மூடும். அந்நேரத்தில் நான் படுக்கையில் இருப்பேன். எனினும் விளக்கு பூட்டப்பட்டது. அடுத்து, சிகரட் பற்றவைக்கும் மின்சாரக் குமிழ். புகையிலை விளையும் இந்நாட்டில் புகையிலை தொடாத சிலருள் நானும் ஒருவன். அதுவும் பூட்டப்பட்டது. இரண்டு சுருதியில் ஒலிக்கும் மின்சார ஹோர்ன் — அதை முதன்முறை அமுக்கியபோது, பக்கத்து வளவுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மாடு கத்துது, கண்டு போடுதோ?" என்று பரிவுடன் விசாரித்தார். பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடி. கார் ஓடும்போது அது நடுங்குவதால், பின்னால் வருவது பஸ்ஸா பனைமரமா என்பது அவரவர் ஊகம். ஒரு கடிகாரம், நேரம் சரியில்லை, ஒலி உண்டு. ஒரு பூக்குவளை. காருக்குள் பூ எதற்கு என்று நான் கேட்கவில்லை.

இறுதியாக, பெட்டியின் அடியிலிருந்து, குழந்தையைத் தூக்குவதுபோல் இரு கைகளாலும் மருமகன் தூக்கி எடுத்த சாதனம் — கைகாட்டி.

முன்கதவுக்குப் பின்னாலுள்ள தூணில், பக்கத்துக்கு ஒன்றாக அது ஒளிந்திருக்கும். விசையை அமுக்கினால் ஒரு சிறு கை வெளியே எழுந்து நிற்கும். உள்ளே சிவப்பு விளக்கு எரியும். ரயில் பாதைக் கைகாட்டி மரம் குஞ்சு பொரித்தது போல!

"ஞாயிற்றுக்கிழமை வட்டுக்கோட்டைக்குப் போய் வருவம் மாமா. நான் பின்னாலை இருந்து பாக்கிறன். எல்லாம் சரியெண்டால் கார் இஞ்சை நிக்கட்டும். சரிவராட்டில்... கொழும்பிலை ஒருத்தர் கேட்டுக்கொண்டிருக்கிறார்."

வாழ்நாள் முழுவதும் பிறரைப் பரீட்சித்தவன் நான். அன்றுதான் பரீட்சை மண்டபத்துக்கு வெளியே நிற்கும் முறை எனக்கு வந்தது.

இப்போது, பொறுக்கச் சொன்ன விடயத்துக்கு வருகிறேன்.

என் துணைவியார் காரில் எனக்கு இடப்பக்கத்தில், முன் இருக்கையில்தான் அமர்வார். பெண் முன்னால் இருப்பதா என்று முதல் வருடம் ஊர் பேசியது. இரண்டாம் வருடம் ஊர் பின்னால் ஏறிக்கொண்டது. காரணம் அவருடைய கை. இடப்புறம் திரும்ப வேண்டிய இடத்தில், "கை" என்பேன். அவர் வளையலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுக் கையை வெளியே நீட்டுவார். கார் மெதுவாகும். சந்தியில் நிற்பவர்கள் அதைக் கண்டு என்ன நினைப்பார்கள்? அம்மா ஏறச் சொல்கிறார் என்று நினைத்தார்கள், ஓடிவந்து ஏறினார்கள்.

அது ஏறுவதற்கான அழைப்பன்று, போக்குவரத்துச் சமிக்ஞை என்பதை ஊருக்கு விளக்கும்படி நான் பலமுறை கேட்டதுண்டு.

"கையைக் காட்டிப்போட்டு விட்டிட்டுப் போறதே?" என்பார். "காட்டினது காட்டினதுதான்."

இப்படியாக என் கார் வலப்புறம் திரும்பினால் திருப்பம். இடப்புறம் திரும்பினால் தருமம்.

பரீட்சை நாள் வந்தது. மருமகன் கொழும்புக் காற்சட்டையுடன் பின்னால் அமர்ந்தார், மடியில் சஞ்சிகை. முன் இருக்கையில் எவரும் இல்லை. முதற்சந்தி. விசையை அமுக்கினேன். இடப்பக்கத்துக் கை அழகாக எழுந்தது.

"பாத்தியளே மாமா! என்ன மாதிரி—"

பின்கதவு திறந்தது. கடகம் முதலில் வந்தது. சின்னாச்சி தொடர்ந்து வந்தாள். சந்தையில் கத்தரிக்காய் விற்பவள். எங்கள் பழைய பிரயாணி.

"தம்பி, அங்காலை கொஞ்சம் தள்ளி இரு. கடகத்தைக் காலாலை உதையாதை."

"ஆரணை உங்களை ஏறச் சொன்னது?" என்றார் மருமகன்.

"ஆரோ? அம்மாதான். கை காட்டினவ எல்லே." மூச்சு வாங்கியபடி முன் இருக்கையை நோக்கி, "அம்மா, என்னைச் சந்தையடியிலை—" என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டாள்.

கடகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும் வாத்தியார்," என்றாள். "செத்தவீட்டிலை வந்து அழுதனான்தானே. கை வெளியாலை வரவும் கால் தன்ரை பாட்டிலை ஓடி வந்திட்டுது. நிப்பாட்டுங்கோ, இறங்கிறன்."

"இரு சின்னாச்சி," என்றேன். "காட்டினது காட்டினதுதான்."

மருமகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அடுத்த திருப்பம் வந்துவிட்டது. அங்கே கந்தையா, ஓர் ஆட்டுக்குட்டியுடன். அவரும் செத்தவீட்டுக்கு வந்தவர்; அவரும் ஓடிவந்தார். ஏறி இருந்தபின் முன் இருக்கையைப் பார்த்தார். சால்வையைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். 

வெளிநாட்டுத் தொழிற்சாலையில், 'நான் இடப்புறம் திரும்புகிறேன்' என்று சொல்லப் பழக்கிவிட்ட ஒரு கருவி, எங்கள் தெருவில் வந்து 'ஏறுங்கோ' என்று சொல்கிறது. பொறியியலார் இதற்கு என்ன செய்வார்கள்?

வட்டுக்கோட்டைக்குள் நுழையும்போது ஆட்டுக்குட்டி சஞ்சிகையின் விளம்பரப் பக்கங்களை முடித்துவிட்டு, தலையங்கத்தைத் தொடங்கியிருந்தது.

"இது ஆரின்ரை பொடியன் வாத்தியார்?" என்று சின்னாச்சி என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "ஆட்டுக்குப் பயப்பிடுது."

திரும்பி வந்தபோது மகள் வாசற்படலையில் நின்றாள். மருமகன் தம் காற்சட்டையைத் தட்டிக்கொண்டே இறங்கினார்.

"சரிவராது. உன்ரை ஐயான்ரை கார் இனிக் கார் இல்லை, பஸ். அந்த இடப்பக்கத்துக் கையைக் கழட்டவேணும். அது வெளியிலை வந்தால் சனம் ஏறுது! கழட்டினால் திரும்பேலாது. ஆனபடியால் வித்துப்போடுறதுதான்..."

மகள் என்னைப் பார்க்கவில்லை. காரின் இடப்பக்கத்தைப் பார்த்தாள்.

"போகேக்கை ஆரும் கூட இருந்தவையோ?"

"இருந்தவையோவோ? எனக்கு இருக்க இடமில்லை!"

"வரேக்கை?"

"வரேக்கை நான் ஆட்டை மடியிலை வைச்சிருந்தனான்!"

"அப்ப சரி," என்றாள் மகள். "தனிய ஓடக்கூடாது எண்டுதானே நான் சொன்னது. அந்தக் கை அதிலையே இருக்கட்டும்." சொல்லிவிட்டு, முன்போலவே அடுக்களைக்குள் போனாள். குரல் அவளுடையதுதான், தீர்ப்பு சொன்ன விதம் வேறொருவருடையது.

கொழும்பு மனிதருக்குக் கார் கிடைக்கவில்லை. மருமகன் மெயில் ரயிலில் திரும்பினார். புதிய சஞ்சிகைக்குச் சந்தா கட்டியிருப்பதாகக் கேள்வி.

ஆகவே, வாசகர்களுள் மோட்டார் அன்பர்களுக்கு என் அபிப்பிராயம் இது: மஞ்சள் விளக்கு வேண்டாம், இரண்டு சுருதி ஹோர்ன் பசு வைத்திருப்பவர்களுக்குக் குழப்பம் தரும், கண்ணாடியை நம்பவேண்டாம். கைகாட்டி மாத்திரம் நல்ல சாதனம். கூட ஆளே தேவையில்லை என்று சொல்லி விற்கப்படுவது; அதைப் பூட்டிய நாள் முதல் ஆளில்லாமல் நான் எங்கும் போனதில்லை.

ஒன்று மாத்திரம் சொல்ல வேண்டும். ஏறுபவர்கள் எல்லோரும் பின்னால்தான் ஏறுகிறார்கள். எத்தனை பேர் நெருக்கியடித்தாலும், ஆட்டை மடியில் வைத்தாலும், முன் இருக்கைக்கு எவரும் வருவதில்லை. வாருங்கள் என்று நானும் எவரையும் கூப்பிட்டதில்லை.

பூக்குவளையை அந்தப் பக்கத்தில்தான் பூட்டியிருக்கிறார் மருமகன். நாளைக்கு அதிலுள்ள பூவுக்குத் தண்ணீர் விடவேண்டும்.