உம் கொட்டாத போன்

எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும் போன்கள் எல்லாம் இனி ஈமெயிலாக வந்து விழும் என்று சொன்னபோது எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஜவ்வாது மலை மேல் ஒரு அறக்கட்டளை நடத்தும் சின்ன ஆஸ்பத்திரி அது. ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு ஜீப், அதற்கு ஒரு டிரைவர், பதிவு மேசையில் நான். போன் எடுப்பது என் வேலை. எடுத்து எடுத்துக் காது புளித்துப் போயிருந்தது.

மலைக்காரர்கள் போன் பேசும் விதம் அப்படி. எடுத்ததும் விஷயத்துக்கு வரவே மாட்டார்கள். நான் மலைக்குக் கீழே படவேட்டுப் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் ஹலோ சொல்லி முடிப்பதற்குள் ஒரு சண்டையே நடந்து முடிந்துவிடும். இங்கே முதலில் "நல்லாகீறீங்களாம்மா?" என்று கேட்பார்கள். நான் பதில் சொல்ல வேண்டும். "சாப்டீங்களா?" அதற்கும் பதில் சொல்ல வேண்டும். பிறகுதான் எந்த ஊர், யார் வீடு என்று ஆரம்பிக்கும். ஒவ்வொரு பேச்சுக்கும் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு "உம்" போக வேண்டும். போகாவிட்டால் அடுத்த பேச்சு வராது. கேட்கிறவர் உம் கொட்டாதபோது தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே போவது அவர்களுக்கு மரியாதைக் குறைவு. சாவுச் செய்தியானாலும் இதே முறைதான். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு உம் கொட்டுவேன்.

வேலூரில் இருக்கும் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். மேசை மேலிருந்த போனைக் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டார். "இனிமே ஒரு கால்கூட மிஸ் ஆகாது, மேடம்" என்றார். யார் கூப்பிட்டாலும் முதலில் ஒரு பெண் குரல், செய்தியை ஒலிக்குப் பின் பதிவு செய்யவும் என்று சுத்தமான தமிழில் சொல்லும். பீப் என்று ஒரு சத்தம். அதன்பின் பேசுவதெல்லாம் பதிவாகி எங்கள் நாலு பேர் மெயிலுக்கும் தலைமை அலுவலகத்துக்கும் வந்துவிடும். நாங்கள் கேட்டுவிட்டு, அவசரமானதை முதலில் கம்ப்யூட்டரிலிருந்தே திருப்பிக் கூப்பிட வேண்டும். பேச்சு நின்று சில நொடி சத்தம் இல்லையென்றால், பேசி முடித்தாயிற்று என்று எடுத்துக்கொண்டு மெஷினே லைனைத் துண்டித்துவிடும். அது ஒரு வசதி என்று அவர் தனியாக எடுத்துச் சொன்னார்.

அன்று மத்தியானமே மெயில்கள் வர ஆரம்பித்தன. திறந்து கேட்டால் "நல்லாகீறீங்களாம்மா?" அவ்வளவுதான். பதிலுக்காக அவர் காத்திருக்க, மெஷின் துண்டித்திருக்கிறது. மறுபடி கூப்பிட்டு, மறுபடி நலம் விசாரித்து, மறுபடி காத்திருந்திருக்கிறார். திருப்பிக் கூப்பிட்டால் பாதிப் பேர் கிடைக்க மாட்டார்கள். அங்கெல்லாம் ஊருக்குள் சிக்னல் கிடையாது. பாறை மேல் ஏறி நின்று, யாருடைய போனிலாவது பேசிவிட்டு இறங்கிவிடுவார்கள்.

நான் தலைமை அலுவலகத்தில் இதைக் கவனிக்கும் அதிகாரியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "சார், இங்க நாம உம் கொட்டினாத்தான் அவங்க பேசுவாங்க. அந்தப் பழைய போனையே குடுத்துடுங்க" என்றேன். "மெஷினை உம் கொட்டச் சொல்றீங்களா?" என்று கேட்டு அந்த அதிகாரி சிரித்தார். அந்த மாதக் கடைசியில் அவரிடமிருந்து ஒரு பாராட்டு மெயில் வந்தது. அழைப்புகள் கூடியிருக்கின்றனவாம், எங்கள் சேவை விரிவடைந்திருக்கிறதாம். ஒரே ஆள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டால் கூடாமல் என்ன செய்யும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாமை அறுப்பு நடந்துகொண்டிருந்த சமயம். பிற்பகலில் ஒரே நம்பரிலிருந்து அடுத்தடுத்து மூன்று மெயில்கள் வந்தன. முதலாவதில் ஒரு ஆண் குரல், "நல்லாகீறீங்களாம்மா? எல்லாரும் சௌக்கியங்களா?" என்றது. அதோடு சரி. இரண்டாவதில், "கட்டாயிடுச்சி போலக்கீது. நல்லாகீறீங்களா?" மூன்றாவதில் அந்தக் குரல் தயங்கியது. "ஆரும்மா அங்க கீறது? எங்க மேல கோவமா எதுனா?"

திருப்பிக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. டாக்டரை அழைத்துப் போட்டுக் காட்டினேன். நர்ஸும் டிரைவரும் வந்து நின்று கேட்டார்கள். "குரல்ல பதட்டம் தெரியலியே" என்றார் டாக்டர். தெரியாது. நலம் விசாரிக்கும்போது பதறுவது அவர்கள் வழக்கமில்லை. டிரைவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "எந்த ஊருன்னு தெரிஞ்சாக்கூட கெளம்பிடலாம்" என்றார். மலையில் எந்தப் பக்கம் போவது? நான் அந்த நம்பரை விடாமல் அடித்துக்கொண்டே இருந்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் நெல்லிவாசல் பக்கத்துக் குக்கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண்ணைக் கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள். முதல் பிரசவம். குழந்தை கால் பக்கமாகத் திரும்பிக் கிடந்து, வழியிலேயே பிறந்திருந்தது. நர்ஸ் குழந்தையைச் சுற்றியிருந்த துணியை விலக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடினாள். தாயை மட்டும் டாக்டர் காப்பாற்றிவிட்டார்.

கட்டிலின் முன்கால் பக்கம் தூக்கி வந்தவன்தான் புருஷன். பேசியதும் குரல் தெரிந்துவிட்டது. "போன் பண்ணேம்மா, ஜீப்பு கேக்கலாம்னு. நீங்க ஒண்ணுமே பேசல. கோவம்போலன்னு நெனச்சி, நாங்களே தூக்கினோம்" என்றான். என்மேல் அவனுக்கு வருத்தம்கூட இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அறைக்குள் போய் அழுதேன்.

விஷயம் தலைமை அலுவலகத்துக்குப் போயிற்று. அப்போதாவது போன் திரும்பி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பொதுமக்களுக்குப் போன் பேசும் முறை தெரியவில்லை, விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துங்கள் என்று மெயில் வந்தது. முதல் கூட்டம் அந்தப் பெண்ணின் ஊரிலேயே. நடத்த வேண்டியவள் நான்.

புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அவளும் முன்வரிசையில் இருந்தாள், முகம் வெளுத்து. தலைமை அலுவலகம் சொல்லிக் கொடுத்ததை நான் அப்படியே சொன்னேன். "பீப்புன்னு கேட்டதும் நலம் விசாரிக்காதீங்க." எல்லோரும் "உம்" என்றார்கள். "ஊரு, பேரு, என்னா நோவு, மூணையும் ஒரே மூச்சுல சொல்லிடுங்க." உம். "அந்தப் பக்கம் யாரும் பதில் சொல்ல மாட்டாங்க. நிறுத்தாம பேசணும்." அதற்கும் உம் கொட்டினார்கள், நான் சங்கடப்படக் கூடாதே என்று.

சந்தேகம் ஏதாவது இருந்தால் கேளுங்கள் என்றேன். அவள் எழுந்து நின்றாள்.

"எங்க வூட்டுக்காரு பேசனப்ப நீங்கள்லாம் எங்க போயிருந்தீங்க?"

அவள் குறை சொல்லவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நாங்கள் ஏதோ வேலையாக வெளியே போயிருந்தோம் என்று சொல்லிவிட்டால் அவள் மனசு ஆறிவிடும்போல இருந்தது.

"எங்கயும் போகலம்மா" என்றேன். "நாலு பேரும் ஆஸ்பத்திரியிலதான் இருந்தோம்."

"ஜீப்பு?"

"ஜீப்பும் வாசல்லதாம்மா நின்னுச்சி."